பழைய ஜில்லா புத்தகத்தில் தாத்தாவின் தாத்தா பெயரைத் தேடுகிறேன்

கேள்வி:
எங்கள் தாத்தாவின் தாத்தா பெயர் வெள்ளைக்காரர் எழுதிய ஏதோ திருநெல்வேலிப் புத்தகத்தில் அச்சாகியிருப்பதாக வீட்டில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு. எந்தப் புத்தகம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு, பேட் தொகுத்த கெசட்டியர் (ஜில்லா விவரத் தொகுப்பு) இரண்டிலும் கணினியில் பெயரைப் போட்டுத் தேடிவிட்டேன், இல்லை. 1870-களில் கிராம முன்சீப்பாக (ஊர் வரி வசூலையும் சில்லறை வழக்குகளையும் பார்த்த அதிகாரி) இருந்தவராம், பெயர் முத்துச்சாமி. வேறு எங்கே பார்க்கலாம்?

பதில் 1:
கால்டுவெல் புத்தகம் வெளிவந்தது 1881 என்றாலும் அதில் கதை 1801-இல் ஜில்லா கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போவதோடு முடிந்துவிடும், உங்கள் ஆள் அதில் எப்படி வருவார்? 1879-இல் வந்த ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மேனுவலை (ஜில்லாக் கையேடு) பாருங்கள். ஆனால் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். இந்த மாதிரி புத்தகங்களில் கலெக்டர், ஜமீன்தார், பாளையக்காரர் பெயர்தான் நிறைய வரும். கிராம முன்சீப் பெயர் வரவேண்டுமானால் ஊரில் கொலையோ கலகமோ நடந்திருக்க வேண்டும் :)

பதில் 2:
எந்த எழுத்துக்கூட்டலில் தேடினீர்கள்? இன்று நாம் எழுதுகிற மாதிரி அன்று எழுதவில்லை. முத்துவுக்கு 'யு' வரவேண்டிய இடத்தில் எல்லாம் டபுள் ஓ, சாமிக்கு நடுவில் ஒரு டபிள்யூ, சில இடத்தில் பெயரை இரண்டாக உடைத்தும் போட்டிருப்பார்கள். போதாக்குறைக்கு ஸ்கேன் மங்கலாக இருந்தால் கணினி எழுத்தைத் தப்பாகப் படிக்கும். ஆள் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, அந்தப் பக்கங்களைக் கண்ணால் வாசியுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பதில் 3:
அச்சுப் புத்தகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டு மூலப் பத்திரம். "இன்னார் குமாரர் இன்னார்" என்று இருப்பதால் ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும், 825 கூட்டினால் ஆங்கில வருஷம் ஏறக்குறைய வரும் (கொல்லம் 1050 என்றால் 1874-75). பிரபவ, விபவ என்று வருஷப் பெயர் மட்டும் இருந்தால் உஷார், 60 வருஷம் பிசகிவிடும். குடும்பத்துக்கு இனாம் நிலம் (வரி இல்லாமலோ குறைத்தோ மானியமாகக் கொடுத்த நிலம்) இருந்ததா? இருந்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் அப்போது நிலத்தை அனுபவித்தவரின் பெயர், வயது, முதலில் மானியம் வாங்கியவர் யார் என்பதெல்லாம் பதிந்து வைத்தது. வயது கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பதில் 2 மறுபடியும்:
இன்னொன்று விட்டுப்போச்சு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தில் முத்துச்சாமி ஒருவர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நேற்று பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்து பத்திரத்தை எடுத்தோம். நீங்கள் சொன்னதேதான்! முன்சீப்பின் தாத்தாவும் முத்துச்சாமி. அவர் 1801-க்கு முந்தின ஆளாக இருக்கலாம் என்பதால், சரி, கால்டுவெல்லை டபுள் ஓ போட்டு மறுபடி திறக்கிறேன்.