ஒரே தளத்தில் இரண்டு கணக்கு, 40 டேப்: எந்த பிரவுசர் சரிப்படும்?

கேள்வி:
ஒரே மெயில் தளத்தில் ஆபீஸ் கணக்கு ஒன்று, சொந்தக் கணக்கு ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். பிரைவேட் விண்டோவில் திறந்தால் மூடியதும் லாகின் போய்விடுகிறது. 8 ஜிபி ரேம், எப்போதும் 40 டேப் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸா, விவால்டியா?

பதில் 1:
இரண்டு கணக்குதான் முக்கியம் என்றால் ஃபயர்ஃபாக்ஸ். மொசில்லாவே தரும் 'மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ்' ஆட்-ஆனைப் போடுங்கள். புது டேப் திறக்கும் + பொத்தானை அழுத்திப் பிடித்தால் பர்சனல், ஒர்க், பேங்கிங், ஷாப்பிங் என்று கன்டெய்னர்களின் பட்டியல் விழும். ஒவ்வொன்றும் ஒரே பிரவுசருக்குள் தனி அறை மாதிரி. ஒர்க்கில் ஆபீஸ் மெயில், பர்சனலில் சொந்த மெயில். டேபில் தெரியும் நிறக்கோட்டை வைத்தே எது எதுவென்று சொல்லிவிடலாம். குக்கி (லாகினை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் போடும் சிறு குறிப்பு) ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி. அதனால் ஒரு லாகின் இன்னொன்றைத் தொடாது.

ஹிஸ்டரி, புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு மூன்றும் பொதுதான். அவையும் கலக்கக் கூடாது என்றால் தனி ப்ரொஃபைல் (இவை எல்லாம் தனியாக இருக்கும் இன்னொரு பயனர் அமைப்பு) வேண்டும். பிரைவேட் விண்டோவில் கன்டெய்னர் வேலை செய்யாது.

கேள்வி கேட்டவர்:
போட்டுவிட்டேன், நன்றி. பர்சனலில் மெயிலைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் 'ஒர்க்கில் திறக்கவா?' என்று கேட்கிறது. பிரவுசரை மூடித் திறந்தால் இரண்டு லாகினும் காணோம்.

பதில் 1:
முதலாவது: அந்தத் தளத்தை 'எப்போதும் ஒர்க்கில் திற' என்று குறித்திருக்கிறீர்கள். ஒரே தளத்தில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் அதைக் குறிக்கவே கூடாது. ஆட்-ஆன் ஐகான், மேனேஜ் கன்டெய்னர்ஸ், ஒர்க், மேனேஜ் சைட் லிஸ்ட். அங்கே அந்தத் தளத்தை நீக்குங்கள்.

இரண்டாவது: செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், ஃபயர்ஃபாக்ஸை மூடும்போது குக்கிகளை அழிக்கும் டிக்கை எடுங்கள்.

பதில் 2:
40 டேபுக்கு விவால்டியும் நல்ல தேர்வு. ஒரு டேபை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் அடுக்காகிவிடும். டேபில் ரைட் கிளிக் செய்து 'ஹைபர்நேட் பேக்ரவுண்ட் டேப்ஸ்' கொடுத்தால் பின்னணி டேப்கள் உறங்கி ரேம் விடுபடும். திரும்பத் தொடும்போது பக்கம் புதிதாக லோட் ஆகும் என்பதால், பாதி நிரப்பிய படிவத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸிலேயே இருப்பதானால் ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். எந்த டேப் எவ்வளவு ரேம் தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். டேபைத் தேட, முகவரிப் பெட்டியில் % போட்டு ஒரு இடைவெளி விட்டுப் பெயரை அடித்தால் போதும். புக்மார்க்குக்கு *, ஹிஸ்டரிக்கு ^.

கேள்வி கேட்டவர்:
பழைய பிரவுசரில் இருக்கும் பாஸ்வேர்டுகள்?

பதில் 2:
அங்கே பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் கொடுத்து சிஎஸ்வி கோப்பாக எடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் கோப்பிலிருந்து இம்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டில்லாமல், யார் திறந்தாலும் படிக்கும்படி கிடக்கும். கிளவுடுக்கு சிங்க் ஆகும் ஃபோல்டரில் சேமிக்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.