நெட்வொர்க்கை மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்பவர்கள் திருப்பூர் பக்கம் யாராவது?

வணக்கம். திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி, அலுவலகமும் பேக்கிங்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம், 20 கம்ப்யூட்டர் இருக்கும். இப்போது நெட் நின்றால் ஒரு தம்பியைக் கூப்பிடுகிறோம், அவர் வந்து ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போகிறார், மறுபடியும் டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) மெதுவாக இழுக்கிறது, சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் போட முடியாமல் வண்டி வாசலில் நிற்கிறது. கேமரா, டேலி சர்வர், வந்துபோகிறவர்களுக்குக் கொடுக்கும் வைஃபை எல்லாமே ஒரே நெட்வொர்க்கில் கிடக்கின்றன, அதுதான் பெரிய பயம்.

ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) வேண்டாம், அதில் பெரும்பாலும் கெட்ட பிறகுதான் ஆள் வருவார்கள். தூரத்திலிருந்தே கண்காணித்து, ஃபயர்வால் அப்டேட் போட்டு, கேமராவையும் விருந்தினர் வைஃபையையும் விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) வைத்துத் தனியாகப் பிரித்து, ஒரு லைன் விழுந்தால் இன்னொன்றுக்குத் தானாக மாறும்படி செய்து, பேக்கப்பை அவ்வப்போது திறந்தும் பார்க்கிற ஆட்கள் வேண்டும்.

ஏற்கெனவே இப்படி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: கட்டணம் கம்ப்யூட்டர் கணக்கிலா, மொத்தமாகவா? ராத்திரி ஷிப்டில் கூப்பிட்டால் எடுக்கிறார்களா? ஒப்பந்தத்தை முறித்தால் அட்மின் பாஸ்வேர்டைக் கையில் கொடுப்பார்களா, இழுத்தடிப்பார்களா? அப்புறம், சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (கணினிகளில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவு இருக்கிறதே, அதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்களா?

கோவை, ஈரோடு ஆட்கள் என்றாலும் சரி. விற்பனைப் பேச்சு வேண்டாம், பட்டறிவு போதும்.