ஃபீஸ் கட்டாமல் காலேஜ் சேர்ந்த கதை, சேர முடியாமல் போன கதை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொடுங்கையூர் அக்கா:

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது. ஆறாவதிலிருந்து மாநகராட்சிப் பள்ளி, பிளஸ் டூவில் நல்ல மார்க். அப்பா இல்லை, அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். ரிசல்ட் வந்ததுமே ஒரு ஏஜெண்டு வீடு தேடி வந்துவிட்டார். அரசு நடத்துகிற கவுன்சலிங் (ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு) வரைக்கும் காத்திருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது என்று பயமுறுத்தி, புறநகரில் ஒரு தனியார் என்ஜினீயரிங் காலேஜுக்கு வேனில் ஏற்றிக் கூட்டிப்போயிருக்கிறார். கம்மலை அடகு வைத்து முன்பணம் கட்டியாயிற்று. ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் நானும் துணைக்குப் போனேன். குடும்பத்திலேயே முதலில் டிகிரிக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு என்று, அந்தப் பெண் முதல் பட்டதாரி சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள். சீட்டில் இருந்தவர் அதைப் படிக்கக்கூட இல்லை. இரண்டு விரலால் திருப்பித் தள்ளிவிட்டு, "இது கவுன்சலிங்ல வர்றவங்களுக்கு. நீங்க மேனேஜ்மெண்ட்" என்றார். அவள் அம்மா என் பக்கம் திரும்பி, "மேனேஜ்மெண்ட்னா என்னக்கா?" என்று கேட்டார். கவுன்சலிங் இல்லாமல் காலேஜே நேராகக் கொடுக்கிற சீட் என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை. கவுன்சலிங்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போயிருந்தால் டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாமே அரசாங்கம் கட்டியிருக்கும். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

காசிமேட்டுத் தம்பி:

எனக்கு நடந்தது நேர்மாறு அக்கா. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். எனக்கு மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்தது. 1840இல் தொடங்கிய காலேஜ், பீச்சுக்கு எதிரேதான் இருக்கிறது, ஆனால் எங்கள் தெருவில் அதற்கு விண்ணப்பம் போட்ட முதல் ஆள் நான்தான். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், மொத்தமே 50. எஸ்.சி., எஸ்.டி. என்றால் அந்த 2 ரூபாய் மட்டும்.

அரசு கலைக் கல்லூரியில் டியூஷன் ஃபீஸ் கிடையாது என்பது அப்பாவுக்குத் தெரியாது. தண்டலுக்கு வாங்கிய பணத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கவுண்டரில் சிறப்புக் கட்டணம், அது இது என்று ஒரு சின்னத் தொகை சொன்னார்கள். அப்பா, "இது மாசத்துக்கா சார்?" என்று கேட்டார். "வருஷத்துக்குப்பா" என்றார் அவர். அப்பா நம்பவில்லை, இன்னொரு தடவை கேட்டார். அன்று சாயங்காலமே தண்டல்காரரிடம் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். இப்போது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு வருகிறது. பஸ், சாப்பாடு அதில் ஓடிவிடுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்:

தம்பி சந்தோஷப்படுவது சரி. ஆனால் ஃபீஸ் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு படிப்பைப் பிடிக்கக்கூடாது. நான் ஒரு ஃபேக்டரியில் ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பி.ஏ. பையன் வந்தான். மெஷின் ஆபரேட்டர் வேலைக்கு ஐ.டி.ஐ. கேட்டிருந்தோம். "சார், டிகிரி அதைவிடப் பெரிசுதானே?" என்றான். என்ன பதில் சொல்வது? அவனைத் திருப்பி அனுப்பியது இன்னும் உறுத்துகிறது. தரமணியில் சென்ட்ரல் பாலிடெக்னிக் இருக்கிறது, அரசுக் கட்டணம்தான், பத்தாவது முடித்தே சேரலாம். டிப்ளமோ முடித்தால் என்ஜினீயரிங்கில் நேராக இரண்டாம் வருடம் போகலாம். கஷ்டப்படுகிற வீட்டுக்கு மூன்று வருடத்தில் கைக்கு ஒரு தொழில் வருவது முக்கியமில்லையா?

காசிமேட்டுத் தம்பி:

அண்ணே, அந்தப் பையனுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் மெஷின் பக்கம்தான் நிற்கணுமா? எனக்கு வரலாறு பிடித்திருக்கிறது. அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான்.

தாம்பரம் தாண்டி:

நீங்கள் இரண்டு பேரும் எந்தப் படிப்பு என்று சண்டை போடுகிறீர்கள். நான் இலவசம் என்று எழுத்தில் இருக்கிற இடத்திலேயே தலைகுனிந்து நின்றவன்.

எஸ்.சி. மாணவன். கவுன்சலிங்கில் சேர்ந்தேன். 2012ஆம் வருட அரசாணை 92இன்படி என் கட்டணத்தை அரசாங்கம் ஏற்கிறது. வீட்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்தான். ஆனால் உதவித்தொகை வருடக் கடைசியில்தான் வந்து சேரும். அதுவரை பொறுக்க எங்கள் காலேஜுக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கிளாஸ் நடுவில் ஆபீஸிலிருந்து ஒருவர் பட்டியலோடு வந்தார். "ஃபீஸ் பாக்கி இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்று பெயர் வாசித்தார். ஒன்பது பேர் நின்றோம். ஒன்பது பேரும் ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் என்று மொத்த வகுப்புக்கும் புரிந்துவிட்டது. பாடம் நடத்திக்கொண்டிருந்த மேடம் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு ஒரு சீனியர் அண்ணன் அரசாணையை பிரிண்ட் எடுத்து எங்கள் ஒன்பது பேர் கையெழுத்தோடு முதல்வரிடம் கொடுத்தார், ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் ஒரு நகல் போனது. பெயர் வாசிப்பது நின்றது. படிப்பை முடித்துவிட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை.

பெரம்பூர் ஆசிரியர் (ஓய்வு):

மாநகராட்சிப் பள்ளியில் நெடுங்காலம் பிளஸ் டூ எடுத்தவன். ஒரு வருடம் என் மாணவி ஒருத்தி, எல்லாத் தகுதியும் இருந்தும், வருமானச் சான்றிதழ் பழசாகிவிட்டது என்று இலவச இடத்தை இழந்தாள். பழைய சான்றிதழைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு பள்ளி கேட்டில் வந்து நின்றாள். அவ்வளவுதான் என் கதை. மற்றதை இனிமேல் வரப்போகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். பொதுத்தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்துக்குப் போய் வருமானம், சாதி, முதல் பட்டதாரி மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும். முதல் பட்டதாரி சலுகையை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைதான் வாங்கலாம். அண்ணன், தங்கை இரண்டு பேருமே தொழிற்படிப்புக்குப் போவதாக இருந்தால் யாருக்கு என்று வீட்டில் உட்கார்ந்து முதலிலேயே பேசி முடிவெடுங்கள். அது தொழிற்படிப்புக்கு, அதுவும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்தவர்களுக்கு மட்டும்தான்.

7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, என்ஜினீயரிங் முதலான படிப்புகளுக்கு 2021இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பது விதி. ஆனால் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் அது உண்டு. இது தெரியாமல் தனக்கு இல்லை என்று ஒதுங்கிப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டம், மாதம் 1000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள்.

அடுத்து, யாருமே பேசாத ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. 2010-11இலிருந்து நடக்கிறது. சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் அதோடு இணைந்த கலைக் கல்லூரிகளில், தனியார் கல்லூரி உட்பட, ஒன்றிரண்டு இடங்கள் இதற்கென்று ஒதுக்கப்படும். பெற்றோர் இல்லாதவர்கள், கணவரை இழந்த அம்மாவின் பிள்ளைகள், முதல் பட்டதாரிகள் ஆகியோருக்கு முன்னுரிமை. ரிசல்ட் வந்து ஏறக்குறைய இரண்டு வாரம்தான் விண்ணப்பம் திறந்திருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இன்னொன்று, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

அம்மா சார்பாக, ராயபுரம்:

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "அந்த சார் சொன்ன பல்கலைக்கழக சீட்டில்தான் என் பொண்ணு பி.காம். படிக்கிறா. அவர் எல்லாத்தையும் சரியாத்தான் சொல்லியிருக்கார். ஆனா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இ-சேவைக்கு மூணு தடவை போக எந்த வீட்டில் லீவு தருவாங்க? சேப்பாக்கத்துக்கு ஒரிஜினலோட வரச் சொன்னாங்க. அன்னிக்கு லீவு போட்டதுக்கு ஒரு வீட்டில் வேலையே போச்சு. அங்கே எங்க வீட்டுக்காரர் இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே இருந்த அம்மா அதைக் கையில் வாங்கி, படிச்சுட்டு, உக்காருங்கன்னு சேரை இழுத்துப் போட்டாங்க. ஆபீசுன்னு போன இடத்தில் எனக்கு யாரும் சேர் போட்டதில்லை. அங்கேயே அழுதுட்டேன்." இவ்வளவும் எழுதச் சொன்னார். லீவு பற்றிய பகுதியை ஆசிரியர் ஐயா கட்டாயம் படிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பெரம்பூர் ஆசிரியர் (ஓய்வு):

படித்தேன் அம்மா. நீங்கள் சொல்வது நியாயம். இந்தச் சான்றிதழ் வேலைகளைப் பள்ளியிலேயே, பிள்ளை படிக்கும்போதே முடித்துக் கொடுக்க வேண்டும். பெற்றோரை அலைய விடக்கூடாது.

தாம்பரம் தாண்டி:

கொடுங்கையூர் அக்கா, எல்லாரும் பேசிக்கொண்டே போகிறோம், உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் விஷயம் அப்படியே நிற்கிறது. அது முடிந்துபோகவில்லை. என்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு ஆன்லைன் பதிவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை என்று குறிப்பிட்டு முதலில் பதிவு செய்யுங்கள். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பு) விதியே இருக்கிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் விலகினால், 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள். கடிதமாக எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். ஏஜெண்டிடம் பேச்சே வேண்டாம், காலேஜிடம் நேராகப் போங்கள்.

கொடுங்கையூர் அக்கா:

இப்போதுதான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பதிவை முடித்தோம். கடிதம் அந்தப் பெண்ணே தமிழில் எழுதியிருக்கிறாள், அழகாக எழுதியிருக்கிறாள். அவள் அம்மாவுக்குத்தான் அந்த காலேஜுக்குள் மறுபடி நுழையவே நடுக்கம். வியாழக்கிழமை காலையில் போகிறோம். கூட ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும்.

காசிமேட்டுத் தம்பி:

நான் வருகிறேன் அக்கா. அரசாணை, விதி எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறேன். மூலக்கடை ஸ்டாப்பில் நிற்கிறேன், எத்தனை மணிக்கு?