டிரைவர் அப்டேட் மென்பொருள்: உங்கள் அனுபவம் எப்படி?

வில்லிவாக்கம் வாசி:
சித்தப்பா வீட்டுக் கணினியில் ஏதோ பிடிஎஃப் கன்வெர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு ஒரு டிரைவர் அப்டேட்டர் (சவுண்ட், வைஃபை மாதிரி பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர்களைப் புதுப்பிக்கும் மென்பொருள்) வந்து உட்கார்ந்துவிட்டது. கணினியைப் போட்டதுமே சிவப்புப் பட்டையில் "17 டிரைவர்கள் காலாவதி" என்று வந்து நிற்கும். ஸ்கேன் இலவசம், சரிசெய்யத்தான் பணம். மனுஷன் பயந்துபோய் கார்டு நம்பரைப் போட்டுவிட்டார்.

நான் போய்ப் பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் 21-06-2006 என்ற தேதி. ஒன்றிரண்டு சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சிப்கள்) வரிகளில் 18-07-1968! "டேய், நான் பொறந்ததே எழுபதுலதான்டா" என்றார் சித்தப்பா.

விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றேதான் அந்த 2006 தேதியைப் போடுகிறது. தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர் இருந்தால், அதுதான் புதியது என்று விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. 1968 தேதி இன்டெல் தொடங்கிய நாள். சிப்செட் கோப்புகளில் அதைப் போட்டதற்கும் இதே மாதிரிதான் காரணம். இந்த மென்பொருளோ தேதியைக் காட்டி "ஆபத்து" என்று கத்துகிறது. விவரம் தெரியாமல் செய்கிறார்கள் என்று நான் நம்பவில்லை.

அது "சரிசெய்த" பிறகு மைக் செத்துப்போனது. டிவைஸ் மேனேஜரில் (கணினியின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் இடம்) சவுண்ட் டிரைவரை ரோல் பேக் செய்து பழையதற்கே திருப்பியதும் வந்துவிட்டது. அப்புறம் வங்கி ஆப்பில் இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி) பகுதிக்குப் போய் ஆண்டுச் சந்தாவை ரத்து செய்தோம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னாலேயே தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அவர் எஸ்எம்எஸ்ஸை எங்கே பார்க்கிறார்!

தாம்பரம்:
எங்கள் பக்கத்து ஃபிளாட் அக்காவுக்கு வைஃபை போச்சு. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு, போன் நெட்டையே கணினிக்குக் கொடுத்துச் சமாளித்தேன். எந்தச் சிப் என்று தெரியாதவர்கள் டிவைஸ் மேனேஜரில் ப்ராபர்ட்டீஸ், டீடெயில்ஸ் போய் ஹார்ட்வேர் ஐடி பாருங்கள். அதில் வெண்டார் (தயாரிப்பாளர்) எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. ஆனாலும் லேப்டாப் என்றால் மாடல் எண்ணை வைத்து அந்தக் கம்பெனி தளத்திலேயே எடுப்பதுதான் நல்லது. டச்பேட், ஹாட்கீக்கெல்லாம் அவர்கள் தனியாக மாற்றி வைத்திருப்பார்கள்.

சிந்தாதிரிப்பேட்டை:
ஒரேயடியாகத் திட்டவும் முடியாதுங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் சிஸ்டம் ஒன்று, போர்டு தயாரித்தவர்கள் தளத்திலேயே டிரைவர் இல்லை. சர்வீஸ் கடைத் தம்பி பென்டிரைவில் வைத்திருந்த டிரைவர் பேக்தான் (பல டிரைவர்கள் சேர்ந்த தொகுப்பு) கைகொடுத்தது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் கோளாறைக் காட்டும் மஞ்சள் குறி இருந்ததை மட்டும் டிக் செய்தார், மற்றதைத் தொடவே இல்லை. அதற்கு முன்பு, ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போட்டார். பல கணினிகளில் இதற்கு வேண்டிய சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே கிடக்கும், அதை முதலில் ஆன் செய்யணும் அண்ணா என்றார். எனக்கும் அப்போதுதான் தெரியும்.