மகனை "ஆப்ஸ்டினேட்" என்று எழுதிவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆங்கிலச் சொல்லை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

குளுவாங் அம்மா:
வணக்கம். மகன் படிவம் ஒன்றில் படிக்கிறான். டியூஷன் சென்டர் அறிக்கையில், ஆசிரியர் குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: ஆப்ஸ்டினேட். "அம்மா, இது ஸ்டப்பர்னைவிடக் கெட்டதா?" என்று கேட்டான். கெட்டதுதான். ஸ்டப்பர்ன் என்று பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டேகூடச் சொல்லலாம். ஆப்ஸ்டினேட்டில் அந்தச் செல்லம் கிடையாது. நியாயத்தை எடுத்துச் சொல்லியும் அசையாதவன் என்று ஆகிவிடுகிறது.

நடந்தது இவ்வளவுதான். பின்னக் கணக்கை ஆசிரியர் காட்டிய வழியில் போடாமல் தன் வழியில் போட்டிருக்கிறான். விடை சரி. அழித்துவிட்டுத் திரும்பப் போடு என்றதற்கு மாட்டேன் என்றிருக்கிறான். தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று நிற்கிற பிள்ளை இல்லை அவன். நாலு கால் என்றுதான் சொன்னான். இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

பாய்லர் அண்ணன்:
தங்கச்சி, நான் செம்பனை ஆலையில் 26 வருடம் பாய்லர்மேன். எங்களுக்கு ரிஃப்ராக்டரி என்றால் செங்கல். பழத்து நாரும் கொட்டை ஓடும் எரிகிற அடுப்புக்கு உள்சுவராக அடுக்குகிற கல். கல்லூரிக்குப் போன மகள்தான் ஒருநாள் அகராதியைக் காட்டினாள்: "அப்பா, இந்தச் சொல்லுக்கு முதல்ல அடங்காதவன், சொல் பேச்சு கேட்காதவன்னுதான் அர்த்தம்." எனக்கு நம்பவே முடியவில்லை. யோசித்தால் சரிதான், நெருப்பு சொல்வதைக் கேட்காத கல்தானே அது.

சோதனைக்காக அடுப்பை ஆறவிட்டு உள்ளே நுழைந்திருக்கிறேன். டார்ச் அடித்தால் கல்லின் முகமெல்லாம் சாம்பல் உருகிப் படிந்து கண்ணாடி மாதிரி மினுங்கும். தடவினால் ஒரு இடம் சொரசொரப்பு, ஒரு இடம் வழுவழுப்பு. ஒருமுறை ஒரு கல் பெயர்ந்ததைக் கவனிக்காமல் மூட்டிவிட்டோம். அந்த இடத்தில் வெளித்தகடு சிவந்துபோனது. ஷிஃப்டை நிறுத்திவிட்டு எல்லாரும் விலகி நின்றோம். மற்ற கல்லெல்லாம் பிடிவாதமாக நின்றதால்தான் வீட்டுக்கு வந்தேன்.

மாட்டுக்காரர் மகன்:
1993-இல் அமெரிக்காவின் சியாட்டலில் நடந்த ஏபெக் (ஆசிய பசிபிக் நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) தலைவர்கள் கூட்டத்துக்கு நம் மலேசியாவின் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் போகவில்லை. ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த பால் கீட்டிங் அவரை ரிகால்சிட்ரன்ட், அதாவது அடங்க மறுப்பவர், கணக்கில் சேர்த்துப் பேச, இரண்டு நாட்டுக்கும் பெரிய மனக்கசப்பு ஆகிவிட்டது. "அப்படி என்னடா சொல்லிட்டான்?" என்று அப்பா கேட்டார். அகராதியில் தேடினேன். லத்தீனில் குதிகாலால் திருப்பி உதைப்பது என்று வேர்ச்சொல். சொல்லி முடிப்பதற்குள், "அட, உதைகாலி!" என்றார்.

எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு செவலைப் பசு நின்றது. பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டாமல் வாளியை வைக்க முடியாது. மாட்டுக்குச் சொல்கிறதை ஒரு நாட்டின் தலைவருக்குச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? அடக்கப் பிடிப்பவன்தான் அப்படிச் சொல்வான். சமமாக நிற்கிறவர்களுக்குள் அந்தப் பேச்சு வராது.

மருந்தடிக்கிறவர் மகள்:
மாட்டுக்காரர் அண்ணன் சொன்னது என் வீட்டில் நடந்தது. அப்பா தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடிக்கிற வேலை. கையுறை கிழிந்துவிட்டது, புதுசு கொடுத்தால்தான் அடிப்பேன் என்று காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் எடுக்கிற இடத்தில்) மேற்பார்வை பார்க்கிற மண்டோரிடம் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அதில் இன்சபார்டினேஷன் என்று இருந்தது. அப்போது நான் படிவம் ஐந்து. சாப்பாட்டு மேசையில் வைத்து, "கீழ்ப்படியாமைன்னு போட்டிருக்காங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வேலை செய்ய மாட்டேன்னு நான் சொல்லலையேம்மா. கையுறைதானே கேட்டேன்?"

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி வேலையை விட்டு நீக்க வேண்டுமென்றால் முதலில் விசாரணை நடத்த வேண்டும். நடந்தது. அப்பா கிழிந்த கையுறையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போனார். எச்சரிக்கையோடு விட்டார்கள். அடுத்த வாரம் எல்லாருக்கும் புதுக் கையுறை வந்தது, ஆனால் கடிதத்தில் இருந்த சொல்லை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்ட நிர்வாகியான துரையோ, கணக்கு எழுதும் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னதும் ஒரு கோரிக்கை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போனால் அன்றைக்கு அதுவும் அடங்காமைதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
பிள்ளைகளே, ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-இல் பிபிசி வானொலியில் இதைத்தான் வினைச்சொல் வாய்பாடு மாதிரிச் சொல்லிக் காட்டினார். நான் உறுதியானவன், நீ ஆப்ஸ்டினேட், அவன் பன்றித்தலை முட்டாள். குணம் ஒன்றுதான். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வைத்துச் சொல் மாறிவிடுகிறது. அம்மா, நீங்கள் டியூஷனுக்கு நேரில் போங்கள்.

பால்மரத்துப் பேத்தி:
பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. தோட்டத்தைத் துண்டாடிய பிறகு நாங்கள் டவுனில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். மறதி நோய் வந்த பிறகு, மருத்துவமனைக் கோப்பில் எராட்டிக் என்று எழுதினார்கள். எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாதவராம்.

அவர் எப்போது என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். விடியற்காலை நாலரை மணிக்கு எழுவார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குளியலறை வாளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறப்பார். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார். மழை பெய்திருந்தால் மட்டும் போக மாட்டார். சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார், "மரம் நனைஞ்சிருக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். இதில் நிலையில்லாதது எது? ஆனால் அந்தச் சொல்லுக்கும் லத்தீனில் அலைவது என்றுதான் வேர். அவர் அலைந்தது உண்மை. மூன்றாவது பிளாக் வரை வாளியோடு நடந்து பெரட்டுக் களத்தைத் தேடினார். நான் பின்னாலேயே போவேன். "பாட்டி, இன்னைக்கு லீவு" என்றால் உடனே கையைக் கொடுத்துவிடுவார். அந்தக் கை எவ்வளவு லேசாக இருக்கும் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

குளுவாங் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பாட்டியின் கதையை வாசித்து அழுதுவிட்டேன், தங்கச்சி. டீச்சர், நீங்கள் சொன்னபடி செவ்வாய்க்கிழமை நேரில் போகிறேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நடந்ததை இரண்டு வரியில் எழுதச் சொல்லிக் கேட்பேன். மகன் இப்போதே கணக்கு நோட்டை என் பையில் வைத்துவிட்டான். ஒரே பக்கத்தில் இடது பக்கம் ஆசிரியர் வழி, வலது பக்கம் அவன் வழி. எதையும் அழிக்கவில்லை.