புதுப்பிப்பு: பழைய ஜீப்பில் கைப்பிடி பொருத்தியாயிற்று

பழைய மகிந்திரா ஜீப்பின் டாஷ்போர்டில் கைப்பிடி வைக்க வேண்டும், அந்தத் தகட்டில் திருகு நிற்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிற்கவில்லை. இரண்டே வாரத்தில் திருகுகள் ஆடத் தொடங்கின. அம்மா அதைப் பிடித்துத்தான் வண்டியில் ஏறுவார்; பயந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கழற்றி, தகட்டுக்குப் பின்னால் 3 மி.மீ. இரும்புப் பட்டை கொடுத்து, 8 மி.மீ. போல்ட், அகல வாஷர், நைலான் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத இரும்பு நட்) போட்டு முடுக்கினேன். துளையிடும் முன் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு ஒயர் கட்டு அரை அங்குலத்தில் தப்பியது. துளை விளிம்புக்குத் துருத்தடுப்பு பிரைமர் கட்டாயம்.

ஞாயிறன்று கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினோம். கைப்பிடி இம்மியும் அசையவில்லை. அம்மாவும் அதை விடவே இல்லை.