தாவரவியல் பூங்காவில் தேனீ நடை: எங்கே நிறுத்துவது, எதைக் காட்டுவது?

செம்மண்_கோவை

கோவையில் ஒரு கல்லூரித் தாவரவியல் பூங்கா, மூன்று ஏக்கர் இருக்கும். ஜனவரியிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு பொதுமக்களைக் கூட்டிப்போய், தேனீக்களுக்கும் மற்ற மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்கும் இடம் அமைப்பது எப்படி என்று காட்டத் திட்டம். ஒன்றரை மணி நேரம், 20 பேர். பாதிப்பேர் மாடித்தோட்டக்காரர்கள். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம்? எங்கெல்லாம் நிறுத்தலாம்? மூங்கில் குழாய் வைத்த தேனீ விடுதியால் பயன் உண்டா? தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ அடை ஒன்று தொங்குகிறது, அதைக் கலைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பூச்சிநோக்கி

காலை 7.30க்கு ஆரம்பித்து 9க்குள் முடித்துவிடுங்கள். பூசணிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் வாடிவிடும், தாமதித்தால் அதைக் காட்ட முடியாது. 20 பேரைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒரு செடியைச் சுற்றி அதற்குமேல் நின்றால் பின்னால் நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகுதான்.

பெயர்ப்பலகை மாட்டிய மரங்களை வரிசையாகக் காட்டுவதை விடுங்கள். நான்கு இடம் போதும்: பூ, கூடு, தண்ணீர், மருந்து தெளிக்காத ஒரு மூலை.

பூவுக்குக் கத்தரியை விட நல்ல பாடம் கிடையாது. அதன் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காது, நுனியில் சிறு துளை மட்டும் இருக்கும். நீலப்பட்டைத் தேனீ அந்த மஞ்சள் கூம்பைத் தாடையால் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமலே மார்புத் தசையை அதிரவிடும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் அந்த நொடியில் மெலிந்து கூர்மையாகும். கூட்டம் பேசாமல் நின்றால் அது காதில் விழும். தேனீப் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீக்கு இந்த வித்தை வராது. தேனீ வராத நாளுக்கு, இயற்பியல் ஆய்வகத்து இசைக்கவையைத் தட்டிப் பூவின் மேல் வைத்து, கீழே கறுப்புத்தாள் பிடியுங்கள். பொடி கொட்டுவது எல்லாருக்கும் தெரியும். தக்காளி, ஆவாரையும் இதே ரகம்தான்.

மாடித்தோட்டக்காரர்கள் கேட்டால்: கொத்தமல்லியை 15 நாளுக்கு ஒரு தொட்டி வீதம் விதைத்து, ஒவ்வொன்றிலும் பாதியைப் பூக்க விடட்டும். துளசிக் கதிரை முழுக்கக் கிள்ள வேண்டாம். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜாவில் மகரந்தத்தாள்கள் இதழாக மாறியிருக்கும், தேனீக்கு மிஞ்சுவது சொற்பம். ஒற்றை இதழ் ரகமே வாங்கச் சொல்லுங்கள்.

மண்கூடு

பூவைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். கூடு கட்ட இடம் இல்லாததுதான் பூங்காக்களில் பெரிய குறை. தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு கட்டுபவை. நாமோ நடைபாதைக்கு சிமென்ட் கல், பாத்திக்கு மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல்), மீதிக்குப் புல்தரை என்று ஒரு சாண் வெற்றுமண் விடுவதில்லை. காலை வெயில் படும், தண்ணீர் தேங்காத சரிவில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சும்மா விடுங்கள். கொத்தாதீர்கள், மூடாக்கு வேண்டாம், சொட்டுநீர்க் குழாயும் வேண்டாம். பென்சில் தடிமனில் ஓட்டையும் சுற்றிலும் பொடிமண்ணும் தெரிந்தால் ஆள் குடிவந்தாச்சு. தோட்டப் பணியாளர்களுக்கு முதலில் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் மறுநாளே சுத்தமாகப் பெருக்கிவிடுவார்கள். நீலப்பட்டைத் தேனீக்குப் பச்சைமண் கல் சுவர் பிடிக்கும். நகத்தால் கீறினால் மண் உதிர வேண்டும், சுட்ட செங்கல் ஆகாது.

மூங்கில் விடுதி இலைவெட்டித் தேனீ போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். அதையும் பெரும்பாலும் தப்பாகச் செய்கிறார்கள். துளை 4 முதல் 10 மி.மீ., நீளம் 15 செ.மீ. கணுவுக்குப் பின்னால் அறுத்தால் கணுவே பின்பக்கத்தை அடைத்துக்கொள்ளும், இருபுறமும் திறந்த குழாயில் கூடு வைக்காது. வாய்ப்பக்கச் சிம்பை உப்புத்தாளால் தேயுங்கள், இல்லையென்றால் சிறகு கிழியும். குழாய் குட்டையானால் ஆண்களே அதிகம் பிறக்கும், ஏனென்றால் பெண் முட்டைகளை உள்ளேயும் ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் இடுவது வழக்கம். கண்ணாடி, பிளாஸ்டிக் குழாயில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு கட்டில் 20, 30 குழாய் போதும். சுவர் அளவுக்குக் கட்டினால் ஒட்டுண்ணிக் குளவிக்குத்தான் விருந்து. கிழக்கு பார்த்து, மதிய வெயிலும் மழைச்சாரலும் படாமல், ஆடாத இரும்புக் கம்பத்தில் பொருத்திக் கம்பத்தில் கிரீஸ் தடவுங்கள், எறும்பு ஏறாது. குஞ்சு வெளியேறிய குழாய்களை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள்.

தச்சுத்தேனீக்கு இதெல்லாம் வேண்டாம். பட்டுப்போன தடித்த கிளை ஒன்றை வெட்டாமல் விட்டால் அதுவே குடைந்துகொள்ளும்.

செம்மண்_கோவை

நன்றி. மண்கூடு சார், மூடாக்கு இல்லாத இடம் ஒன்று பெரணி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, ஆனால் முழு நிழல். பரவாயில்லையா? மலைத்தேனீ பற்றி யாரும் சொல்லவில்லையே.

மண்கூடு

முழு நிழல் உதவாது. மண் சூடேற வேண்டும்.

கானகப்பாதை

அடையைக் கலைக்க வேண்டாம், புகையும் போட வேண்டாம். பூக்காலம் முடிந்தால் மலைத்தேனீ தானாகவே இடம்பெயர்ந்துவிடும். நடைப்பாதையை அங்கிருந்து 20 மீட்டராவது தள்ளி அமையுங்கள், தொலைநோக்கியில் காட்டினால் போதும். ஆள் சும்மா நின்றாலும் ஆபத்து வரலாம்: தேன்பருந்து அடையைத் தாக்கினால் கீழே இருப்பவரையெல்லாம் கொட்டும். சென்ட், ஃப்ளாஷ் கூடாது, வெளிர்நிற உடை நல்லது. தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு அறைக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஓட வேண்டும். கொடுக்கை உடனே நகத்தால் வழித்தெடுங்கள், தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கும். மூச்சுத் திணறினாலோ பல இடத்தில் கொட்டினாலோ 108. பதிவுப் படிவத்திலேயே தேனீ ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்: தட்டையான மண்தட்டில் கூழாங்கல் நிரப்பி, கல் தலை வெளியே தெரியும்படி ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை கொட்டிக் கழுவாவிட்டால் கொசு முட்டையிடும், டெங்கு ஆய்வுக்கு வருபவர் அபராதம் போட்டால் நியாயம்தான்.

பூச்சிமருந்து விஷயம்: இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் இரண்டும் செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் இறங்குபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை போட்டது. விற்பனைக்குச் செடி வைப்பதாக இருந்தால் நர்சரியில் இவை போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடப் பூவில் படாமல், பொழுது சாய்ந்தபின் அடியுங்கள்.

முடிந்தால் மாலை 6 மணிக்கும் ஒரு நடை வையுங்கள். காய்ந்த குச்சிகளில் ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் தாடையால் கவ்வியபடி வரிசையாகத் தூங்கும். அந்தக் குச்சிகளை வெட்டாதிருக்க ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள்.